இரண்டு வட்டிக்குக் குறையாது

திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய அந்தப் படிப்பின் விளம்பரத்தைப் பொறுமையாகப் படித்தேன். கட்டணம் 1,20,000 ரூபாய், மாதம் 10,000 வீதம் 12 தவணை, வட்டி கிடையாது. ஒரே தொகையாகக் கட்டினால் 1,05,000. இந்தக் கடைசி வரியைத்தான் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கவனிக்கவேண்டியதும் அதுதான்.

மொத்தமாகக் கட்டுகிறவருக்கு 15,000 குறைக்க முடியுமென்றால், படிப்பின் விலை 1,05,000தான். மீதியெல்லாம் வட்டி. வருடத்துக்கு 14 சதவீதம்தானே என்று நினைத்துவிடாதே. நீ மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருகிறாய். முதல் மாதம் மட்டும்தான் முழுக்கடன். கடைசி மாதம் நிற்பது பத்தாயிரத்துக்கும் குறைவு. சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய பாதித் தொகைதான் உன் பெயரில் கடனாக இருக்கும். அதன்மேல் கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியைத் தாண்டுகிறது. நம் தெருவில் இரண்டு வட்டிக்குக் கொடுக்கிறவர், இரண்டு வட்டி என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுக்கிறார். ரிசர்வ் வங்கியும் 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது, அது வேறு கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அது கிரெடிட் கார்டுத் தவணைகளை வைத்துச் சொன்னது. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஏலச்சீட்டு. கையில் எவ்வளவு வந்தது, இனி எவ்வளவு கட்டவேண்டும், எத்தனை மாதம் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எந்தத் தவணையும் புரிந்துவிடும்.

படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் பனியன் கம்பெனியில் கைமடியாகத்தான் சேர்ந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து அடுக்குவேன், பிசிறு வெட்டுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலியாக நிற்கும் ஓவர்லாக் மெஷினில் வெட்டுத்துணியை ஓட்டிப் பழகினேன். அது கைக்கு வந்த பிறகு, விளிம்பை மடித்துத் தைக்கிற பிளாட்லாக் மெஷின். கம்பெனி மாறியபோதெல்லாம் யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. துணியை முன்னால் போட்டு, "கை வைத்துத் தை, பார்க்கலாம்" என்றார்கள். உன் தொழிலில் காகிதத்துக்கும் மதிப்பு இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் நீ போக நினைக்கும் இடங்களில் உன் முன்னால் என்ன துணியைப் போடுவார்கள் என்பதை முதலில் விசாரி. விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களை விட்டுவிட்டு, படித்து முடித்தும் அங்கே படம் வராதவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பேசு. இலவசமாகக் கிடைக்கிற பாடங்களை வைத்து ஒரு மாதம் உட்கார்ந்து பார். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால் மொத்தமாகவே கட்டிவிடலாம்; என் சீட்டு எடுக்கிற காலமும் வந்துவிடும். "இன்றே கடைசி நாள்" என்று போட்டிருப்பதைக் கண்டு பதறாதே. அடுத்த மாதமும் ஏதோ ஒரு நாள் கடைசி நாளாக இருக்கும்.

பொங்கலுக்கு நீ போட்டுவந்த டி-ஷர்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2,499-ஐ அடித்துவிட்டு 799 என்று போட்டிருந்ததாம். துவைக்கும்போது புரட்டிப் பார்த்தேன். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. நூலிலேயே முறுக்கு அதிகமாக இருந்து, துணியைச் சரியாகப் பதப்படுத்தாமல் அவசரமாக வெட்டினால் இப்படித்தான் ஆகும். எந்தத் தள்ளுபடியும் அதை நேராக்காது. பிறந்த ஊரின் சரக்கையே பார்த்து வாங்கத் தெரியாவிட்டால் எப்படி? கடையில் எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பு. தையல் நெருக்கமாக இருக்கிறதா, நூல் தொங்குகிறதா பார். கழுத்துப் பட்டியை இரண்டு கையாலும் இழுத்துவிடு. பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். விற்கிறவர் ஜிஎஸ்எம் என்று ஏதாவது சொன்னால், அது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான். கம்பெனியில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, எடைபோட்டு, நூறால் பெருக்குவோம். 180 என்றால் தினப்படிக்குத் தாங்கும் கனம். ஆனால் கனமாக இருப்பதாலேயே நல்ல துணி ஆகிவிடாது.

மலிவாகவே வாங்கு என்பதும் என் கட்சி இல்லை. 1,200 ரூபாய்ச் சட்டையை 120 முறை போட்டால் ஒரு முறைக்குப் பத்து ரூபாய். 300 ரூபாய்ச் சட்டை 15 முறையில் வெளுத்துவிட்டால் இருபது. செருப்பு, மெத்தை இரண்டிலும் கஞ்சத்தனம் பார்க்காதே. இங்கே காதர்பேட்டைக் கடைகளில் கிடைக்கிற ஏற்றுமதி மிச்சச் சரக்கை நான் எடுத்து அனுப்புகிறேன். வீட்டில் போட்டுக்கொள்ள அது போதும்.

சமையல் எண்ணெய் வாங்கும்போது விலையோடு கிராமையும் பார். ஒரு லிட்டர் சுமார் 910 கிராம் இருக்கும். அதைவிடக் குறைந்த பாக்கெட்டுகளும் அதே பருமனில் அலமாரியில் நிற்கின்றன.

குழாய் ஒழுகுகிறது, ஆள் 400 ரூபாய் கேட்கிறார் என்றாயே. பல சுற்று திருகி மூடுகிற பழைய மாதிரிக் குழாய் என்றால் வாஷர்தான் தேய்ந்திருக்கும். மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, ஸ்பானரால் தலையைக் கழற்றி, வாஷரை மாற்றிவிடலாம். சில ரூபாய்ச் செலவுதான். கால் சுற்றிலேயே மூடுகிற மாதிரி என்றால் உள்ளே வாஷர் இருக்காது, தண்ணீரைத் திறந்து மூடுகிற உள்பாகமான கார்ட்ரிட்ஜையே மாற்றவேண்டும். பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவில் கேள். எந்த மாதிரி என்று பார்த்துவிட்டு ஞாயிறு காலை கூப்பிடு. சனிக்கிழமை சம்பள நாள், நான் வீடு திரும்ப நேரமாகும். மின்சார வேலையில் மட்டும் கை வைக்காதே. அதற்கு ஆளைக் கூப்பிட்டு, கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடு.

அன்புடன்,
அம்மா