அமெரிக்க கவுன்டி சிறைப் படங்கள்: எங்கே தேடுவது, எதை நம்புவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர் யாராவது கைதாகிவிட்டால், என்ன நடந்தது என்ற விவரம் வருவதற்கு முன்பே அவருடைய சிறைப் படம் (கைதானதும் சிறையில் எடுக்கும் முகப் படம்) வாட்ஸ்அப்பில் ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது. மறுநாள் அதே படம் நாளிதழ்களிலும் ஏறிவிடுகிறது. அந்தப் படம் எங்கே எடுக்கப்படுகிறது, அதை வைத்து எதைச் சொல்லலாம், வீட்டார் சரியான பதிவை எங்கே தேடுவது என்பதைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

கைதானவர் முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் கவுன்டி சிறைக்கு. கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. நாடு முழுக்க 3,100-க்கு மேல் உண்டு. சிறையைப் பெரும்பாலும் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரீஃபின் அலுவலகமே நடத்துகிறது. உள்ளே போனதும் பெயர், பிறந்த தேதி, கைரேகை, கையிருப்புப் பொருட்கள் எல்லாம் பதிவாகும், படம் எடுப்பார்கள், ஒரு புக்கிங் எண், அதாவது இந்தச் சிறைப் பதிவுக்கான எண், கொடுப்பார்கள். வழக்கமாக இதெல்லாம் முடியும்வரை கைதானவர் நீதிபதியைப் பார்த்தே இருக்கமாட்டார். படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குற்றச்சாட்டு, கைது செய்த போலீஸ்காரர் எழுதியது. வழக்குப் போடுவதா, எந்தப் பிரிவில் போடுவது என்பதைப் பெரும்பாலான இடங்களில் அரசு வழக்கறிஞர் பிறகுதான் முடிவு செய்வார். ஃபெலனி (கடுங்குற்றம்) என்று பதிவானது மிஸ்டிமீனராக (சிறு குற்றமாக) குறையலாம். வழக்கே போடாமலும் விட்டுவிடலாம். சிறையின் பதிவு பெரும்பாலும் அதற்கெல்லாம் திருத்தப்படாது, கைதான அன்று எழுதியதோடு நின்றுவிடும்.

தேடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது கவுன்டி எது என்பதில். ஆள் குடியிருக்கும் கவுன்டியில் தேடிப் பயனில்லை, கைதான இடம் எந்தக் கவுன்டி என்று பார்க்க வேண்டும். தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதி காலின் கவுன்டி, பாதி டென்டன் கவுன்டி. தெரு மாறினால் சிறையும் மாறும். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், டெலவேர், வெர்மான்ட், ஹவாய் மாநிலங்களில் கவுன்டி சிறை என்பதே கிடையாது. அங்கே மாநிலச் சிறைத் துறையின் தளத்தில்தான் தேட வேண்டும்.

கூகுளில் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். மேலே வருவதெல்லாம் காசு பார்க்கும் தனியார் தளங்கள். கவுன்டி அரசின் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஷெரீஃப் பக்கத்துக்கும், கைதிகள் தேடல் பக்கத்துக்கும் போவதே சரி. இந்தியாவில் இருந்து திறந்தால் சில கவுன்டித் தளங்கள் "அனுமதி இல்லை" என்று சொல்லும். தளம் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், வெளிநாட்டு இணைப்புகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினரையோ நண்பரையோ பார்க்கச் சொல்வதே சுலபம்.

அடுத்த சிக்கல் நம் பெயர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்-என்-யூ (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று மூன்று எழுத்து விழும். சிறைப் பதிவும் அடையாள ஆவணத்தைப் பார்த்து அப்படியே வரக்கூடும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தால், வீட்டில் யாரும் கூப்பிடாத அந்தப் பெயரில்தான் ஆள் இருப்பார். செந்தில்குமார் என்று சேர்த்து எழுதுகிறவரைச் சிறைக் கணினி செந்தில், குமார் என்று பிரித்துக் குமாரை நடுப்பெயராக்கிவிடலாம். ஆகவே முழுப் பெயரையும் அடிக்காமல், கடைசிப் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பெயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏப்ரல் 7-ஐ நம் வழக்கப்படி 7/4 என்று அடித்தால் ஜூலை 4-இல் பிறந்தவரைத் தேடும்.

அப்படியும் வரவில்லையா? புக்கிங் முடியப் பல மணி நேரம் ஆகலாம், ஆள் இன்னும் நகரப் போலீஸ் காவலிலேயே இருக்கலாம், ஜாமீனில் வெளியே போயிருக்கலாம். பல கவுன்டிகள் உள்ளே இருப்பவர்களை மட்டுமே காட்டுவதால், வெளியே வந்ததும் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். குடியேற்றத் துறை பிடித்து வைத்திருந்தால் அதற்குத் தனித் தேடுதளம் உண்டு. ஏ-எண்ணும் (வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் எண்) பிறந்த நாடும் தெரிந்தால் போதும். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வைன் (VINE) என்ற இலவச அறிவிப்புச் சேவையில் பதிந்து வைத்தால், ஆளை விடுவிக்கும்போதோ இடம் மாற்றும்போதோ தகவல் வரும். எல்லாக் கவுன்டியும் அதில் இல்லை.

படம் கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. ஃப்ளோரிடாவில் பொதுப் பதிவுச் சட்டம் தாராளமானது. பல ஷெரீஃப் அலுவலகங்கள் படத்தைத் தாங்களே இணையத்தில் போடுகின்றன. ஜார்ஜியாவில் 2014 முதல் போலீஸ் தன் தளத்தில் போடக் கூடாது. கேட்பவர், படத்தை நீக்கக் காசு வாங்கும் தளத்துக்காகக் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நியூயார்க் 2019-இல் சட்டத்தைத் திருத்தியது. புலனாய்வுக்குத் தேவை என்றால் ஒழிய அங்கே படம் வெளியே வராது. யூட்டாவில் 2021 முதல் குற்றம் நிரூபணமாகும்வரை பொதுவாகத் தருவதில்லை. கலிஃபோர்னியாவில் 2022 முதல் வன்முறை இல்லாத வழக்குகளில் போலீஸ் அந்தப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதற்குத் தடை, சில விதிவிலக்குகளோடு. ஆனால் கைதானவர் பெயர், கைதான நேரம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை ஆகியவற்றைப் பொதுவாகச் சொல்லியாக வேண்டும். இத்தனை சட்டமும் எதற்கு வந்தது? பெருமளவுக்கு, படத்தைச் சேகரித்துப் போட்டு, நீக்கக் காசு பறித்த தளங்களால். ஃப்ளோரிடா 2018-இல் அந்த வசூலையே தடை செய்தது. எழுதிக் கேட்டால் 10 நாளில் நீக்கியாக வேண்டும். ஆகவே நீக்கக் காசு கேட்கும் தளத்துக்கு உடனே பணம் கட்டிவிடாமல், அந்த மாநிலச் சட்டத்தை முதலில் பாருங்கள். கட்டிய பிறகு அதே படம் இன்னொரு தளத்தில் முளைப்பது சகஜம்.

இணையத்தில் இல்லாத பதிவை எழுத்து மூலம் கேட்டு வாங்கலாம். முழுப் பெயர், பிறந்த தேதி, கைதான நாள், தெரிந்தால் புக்கிங் எண். இவ்வளவு போதும். புக்கிங் தாளும் படமும் ஷெரீஃபிடம் இருக்கும். கைது அறிக்கையோ கைது செய்த நகரப் போலீஸிடம் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் ஷெரீஃபுக்கே எல்லாவற்றையும் எழுதி, "எங்களிடம் இல்லை" என்று பதில் வாங்கிச் சோர்ந்து போகிறவர்கள் அதிகம். டெக்சாஸில் பதிவைத் தர மறுக்க நினைக்கும் அலுவலகம், பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் முடிவைக் கேட்க வேண்டும். சாதாரணப் பிரதிக்குப் பக்கத்துக்கு 10 சென்ட். ஃப்ளோரிடாவில் 15 சென்ட், பொதுவாகக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வர்ஜீனியா, டென்னசி போன்ற மாநிலங்களில் அந்த மாநிலத்தவர் அல்லாதவர்கள் கேட்டால் மறுக்கலாம். அது செல்லும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், படத்தைவிட முக்கியம் நீதிமன்றப் பதிவு. கவுன்டி நீதிமன்ற எழுத்தர் தளத்தில் பெயரையோ வழக்கு எண்ணையோ போட்டால், வழக்கு தாக்கலாகி இருக்கிறதா, எந்தப் பிரிவு, எப்போது விசாரணை, எப்படி முடிந்தது என்று தெரியும். புக்கிங் எண் வேறு, வழக்கு எண் வேறு. மத்திய அரசு வழக்கென்றால் பேசர் (PACER) என்ற மத்திய நீதிமன்றப் பதிவுத் தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலர் வரை வந்தால் கட்டணமே வாங்குவதில்லை. வழக்கு தள்ளுபடியானாலும் முடிவின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அமெரிக்க விசா விண்ணப்பம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை, கைதையும் கேட்கிறது.

இதே பொதுப் பதிவுகளை மோசடிக்காரர்களும் படிக்கிறார்கள். சிறையில் இருந்தோ நீதிமன்றத்தில் இருந்தோ பேசுவதாகச் சொல்லி, புக்கிங் எண்ணையும் சரியாகச் சொல்லி, ஜாமீனுக்குப் பரிசு அட்டையோ ஸெல் (Zelle) என்ற சேவை வழியாகப் பணமோ கேட்பார்கள். எண் சரியாக இருப்பதால் நம்பிவிடக் கூடாது, அது யாருக்கும் கிடைக்கும். போனை வைத்துவிட்டு, சிறையின் எண்ணைக் கவுன்டித் தளத்தில் எடுத்துத் திரும்பக் கூப்பிடுங்கள்.

தூதரகம் தானாக வந்துவிடும் என்றும் இருந்துவிட வேண்டாம். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் கைதானால் தூதரகத்துக்கு அமெரிக்க அதிகாரிகள் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் கைதானவரே கேட்டால்தான் சொல்வார்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படத்தைப் போட வேண்டிய கட்டாயம் வந்தால், தனியார் தளத்தில் இருந்து எடுக்காதீர்கள். கைதான தேதியையும், இது போலீஸ் சொல்லும் குற்றச்சாட்டு என்பதையும் படத்தின் கீழேயே அச்சிடுங்கள். வழக்கு எண்ணைக் குறித்து வைத்து, சில மாதம் கழித்து நீதிமன்றத் தளத்தில் பாருங்கள். வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், அதை முதலில் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டாலஸ், டெக்சாஸ்