கார்னிஷ் தண்ணீர் மேசையிலிருந்து நன்றி

அன்புள்ள நண்பர்களே,

2019 உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில், சனிக்கிழமை இரவு (செப்டம்பர் 28) தோஹாவின் கடலோரக் கார்னிஷ் சாலையில் வெக்கையிலும் புழுக்கத்திலும் என்ன பாடு என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. பெண்கள் 50 கி.மீ. வேகநடை முடிந்துவிட்டது. தண்ணீர் மேசையில் நின்ற தன்னார்வலர்கள் எல்லார் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஓர் அம்மாவுக்கு. வேறொரு நாட்டு அணியின் உதவியாளர் அவர். தங்கள் வீராங்கனை பாதியில் விலகியதும் மேசையைக் காலி செய்துவிட்டு அவர் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மிச்சமிருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொதுத் தண்ணீர் மேசைக்கு வந்தார். தன் கையால் ஒரு கோப்பையைக்கூட நீட்டவில்லை. அந்த வேலைக்கு நியமிக்கப்பட்டவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். பின்னால் நின்று, எப்படி நீட்டுவது என்று சொல்லித் தந்தார். கடைசி வீராங்கனை கோட்டைத் தாண்டும்வரை நின்றார்.

அவர் சொன்னதன் அருமை, வேகநடையின் விதி தெரிந்தவர்களுக்குப் புரியும். முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையை விட்டது நடுவர் கண்ணுக்குப் படக் கூடாது. கோப்பையைத் தாழ்வாகவோ தள்ளியோ பிடித்தால் வாங்குகிறவர் உடம்பைத் திருப்பிக் குனிய வேண்டியிருக்கும். இடுப்பின் ஓட்டம் கெட்டு, காலடி குறுகி, முழங்கால் தளரும். சரியாக அந்த இடத்தில் ஒரு நடுவர் நின்றால் சிவப்பு அட்டைதான். மூன்று சேர்ந்தால் தண்டனைப் பகுதியில் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். நான்காவது வந்தால் போட்டியை விட்டே வெளியே. இதற்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பை காரணமாகிவிடலாம்.

நேரமும் குறைவு. தங்கம் வென்ற சீனாவின் லியாங் ருய் 4 மணி 23 நிமிடம் 26 வினாடியில் முடித்தார். அதாவது வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல். நீட்டிய கைக்கு முன்னால் அவர் இருப்பது ஒரு கணம்தான். அதனால் கோப்பையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள் என்றார் அந்த அம்மா; நிரம்பியிருந்தால் பாதி வழியில் சிந்திவிடும். அடியை விரல்நுனியால் லேசாகப் பிடிக்க வேண்டும், வீராங்கனையின் முழங்கை உயரத்தில். அவர் தொட்டதும் கை பின்னால் இளகிப் போக வேண்டும், விறைத்து நிற்கக் கூடாது. கூடவே ஓடக் கூடாது. ஓடினால் தண்டனை ஓடியவருக்கு இல்லை, தண்ணீர் வாங்கியவருக்கு.

மேசையின் வரிசையையும் மாற்றச் சொன்னார். முதலில் ஸ்பாஞ்ச், சில மீட்டர் தள்ளித் தண்ணீர். ஸ்பாஞ்சைக் கழுத்திலும் முன்கையிலும் பிழிந்து எறிந்தபின்தான் கோப்பைக்குக் கை காலியாகும். தலையில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டால் சுகம்தான், ஆனால் வழிகிற நீர் காலணிக்குள் இறங்கும். நனைந்த உறையில் இன்னும் 20 கி.மீ. நடந்தால் பாதம் கொப்புளித்துவிடும்; கொப்புளம் வந்தால் காலை ஊன்றும் விதமே மாறி, மறுபடியும் அந்த முழங்கால் சிக்கல்.

ஐஸை அப்படியே கொடுப்பதிலும் பயனில்லை. பெரிய கட்டிகள் நழுவி விழும், குத்தும். நைலான் காலுறையை வெட்டி, நொறுக்கிய ஐஸை ஒரு கைப்பிடி அளவு போட்டு முடிச்சிட்டார். அதைப் பிடரியில் சட்டைக்குள் செருகிக்கொண்டால் உருகி முடியும்வரை அங்கேயே இருக்கும். அவர் பெட்டியில் அந்தக் காலுறைகள் ஏற்கெனவே அளவாக வெட்டி அடுக்கப்பட்டிருந்தன. தன் நாட்டுப் பெண்ணுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. எல்லாவற்றையும் யார் யாரோ பெற்ற பெண்களுக்காகக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடுகிறது, அம்மா.

சக்கர நாற்காலியோடு ஓடி ஓடி வந்த முதலுதவிக்காரர்களுக்கும், ஐஸ் வண்டி ஓட்டுநர்களுக்கும், விழுந்த ஸ்பாஞ்சும் கோப்பையும் கால்களை வழுக்கிவிடாமல் கூட்டித் தள்ளிக்கொண்டே இருந்த துப்புரவுத் தோழர்களுக்கும், விடியற்காலை மூன்று மணிக்கும் கை தட்டியவர்களுக்கும் நன்றி. முடிக்க முடியாமல் போனவர்களுக்கும் தட்டினீர்கள். 2017-ல் லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் 50 கி.மீ. முதல்முறை நடந்தபோது கிளம்பியவர்கள் 7 பேர்தான். அதை 4:05:56-ல் வென்ற போர்ச்சுகலின் இனெஸ் என்ரீக்கெஸ் இங்கே பாதியில் விலக நேர்ந்தது. அந்தப் பெண் வெட்டித் தந்த பாதையில்தான் மற்ற எல்லாரும் நடக்கிறார்கள். அவருக்குக் கிடைத்த கைதட்டல் நியாயமானது.

ஞாயிறு இரவு பெண்கள் 20 கி.மீ.க்கு அம்மா சொன்னபடியே மேசை போட்டோம். சீனாவின் லியூ ஹாங் 1:32:53-ல் வென்றார். இனி எந்த நடைப் போட்டிக்கு நின்றாலும் இந்த முறையில்தான் நிற்போம், புதிதாக வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்த பிறகே கோப்பையைக் கையில் தருவோம். இது அந்த அம்மாவுக்கு நாங்கள் தரும் வாக்கு.

அக்டோபர் 4, வெள்ளி இரவு 11.30-க்கு ஆண்கள் 20 கி.மீ. வருகிறவர்கள் ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள், நீட்டிப் பழக நேரம் வேண்டும். கிழியாத நைலான் காலுறை வீட்டில் இருந்தால் துவைத்துக் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
தண்ணீர் மேசைத் தன்னார்வலர்கள், தோஹா