எந்த உரிமை முதலில்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடிப்படை உரிமைகள் எல்லாம் சமம், ஒன்றை மேலே வைத்தால் மற்றதைக் கீழே தள்ள அரசாங்கத்துக்கு வழி கிடைத்துவிடும் என்று போனில் சொன்னாய். உன் பயம் நியாயமானதுதான். ஆனாலும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக வேலை பார்த்தவனால் எல்லா உரிமைக்கும் ஒரே எடை போட முடியாது, கண்ணு.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. புத்தகத்தில் படித்தால் ஏதோ ஆபீஸ் நடைமுறை மாதிரி இருக்கும். கைதானவரை ராத்திரி ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு, கொண்டுவந்தால் மாஜிஸ்ட்ரேட் வீட்டு வராந்தாதான் கோர்ட். கட்டிய லுங்கியோடு ஓர் ஆள் நிற்பார், இரண்டு பக்கமும் போலீஸ். “எதுக்குப் பிடிச்சாங்கன்னு சொன்னாங்களா? வீட்டுக்குத் தகவல் போச்சா? அடிச்சாங்களா?” கடைசிக் கேள்விக்கு அவர் முதலில் பக்கத்திலிருக்கும் போலீஸ்காரர் முகத்தைத்தான் பார்ப்பார். நல்ல மாஜிஸ்ட்ரேட் என்றால், போலீசை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்பார். சட்டையைக் கழற்றச் சொல்லிக் காயங்களைக் குறித்துக்கொள்வார். அந்தச் சில நிமிஷம் கிடைக்காத ஆளுக்குப் பேச்சுரிமையும் வழிபாட்டுரிமையும் எங்கிருந்து வரும்?

நெருக்கடி நிலையில் நாடே இதை அனுபவித்தது. 1975 ஜூன் 27-ல் வந்த குடியரசுத் தலைவர் உத்தரவு, சமத்துவத்துக்கான 14, உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21, இந்த 22 ஆகிய பிரிவுகளுக்காகக் கோர்ட்டுக்குப் போவதையே நிறுத்திவைத்தது. அதனால் காவலில் இருப்பவர் கோர்ட்டுக்கே வர முடியாது என்று அரசு வாதாடிய ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி எச்.ஆர். கன்னா, உயிர் போனாலும் இதே வாதம்தானா என்று கேட்டார். சட்டவிரோதமாக உயிரை எடுத்தாலும் கோர்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொன்னார். 1976 ஏப்ரல் 28 தீர்ப்பில் ஐந்து பேரில் நான்கு பேர் அரசின் பக்கம். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். அடுத்த வருஷம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது, அவர் ராஜினாமா செய்தார். சென்னை மத்திய சிறையில், விசாரணையில்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்ட கைதிகள் அடிபட்டதும் அந்த 1976-ல்தான். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியிலிருந்து மீளவே இல்லை.

பட்டபின் நாடாளுமன்றமே எடை போட்டது. 1978-ல் வந்த 44-ஆம் திருத்தப்படி, எந்த நெருக்கடி நிலையிலும் முறையற்ற தண்டனையிலிருந்து காக்கும் 20-ஐயும், உயிரைக் காக்கும் 21-ஐயும் நிறுத்திவைக்க முடியாது. அதே திருத்தம்தான் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து 300-ஏ பிரிவில் கொண்டுபோய் வைத்தது. எல்லாம் சமம் என்றால் இப்படிப் பிரித்திருப்பார்களா?

நீ தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவைச் சொன்னாய் பார், அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடை வாசலில் நின்றவருக்கு அதுதான் முதல் உரிமை, அவரிடம் நான் வாதாட மாட்டேன். அரசாங்கத்தை மட்டுமல்ல, டீக்கடைக்காரரையும் கட்டுப்படுத்துகிற உரிமை அது. ஆனால் புகார் கொடுக்கப் போனவரையே ஒரு பொய்க் கேஸில் தூக்கி உள்ளே வைத்துவிட்டால்? அவர் 17-ஆம் பிரிவைப் பேசுவதற்கும் முதலில் ஒரு நீதிபதி முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். இனிமேல் குற்றம் செய்துவிடுவார் என்று முன்கூட்டியே அடைக்கிற தடுப்புக் காவல் கைதிக்கு இந்த 24 மணி நேர உரிமை கிடையாது என்று 22-ஆம் பிரிவே சொல்கிறது. நம் தமிழ்நாட்டின் 1982-ஆம் வருஷத் தடுப்புக் காவல் சட்டம், குண்டாஸ் என்கிறோமே, அதில் விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். காவல் உத்தரவுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் கருத்து இல்லாமல் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கவும் 44-ஆம் திருத்தத்தில் எழுதினார்கள். அந்தப் பகுதியை மட்டும் இன்றுவரை எந்த மத்திய அரசும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. கட்சி பேதமில்லாமல் எல்லோருக்கும் அது வசதியாக இருக்கிறது.

நீ ஐகோர்ட்டில் இருக்கிறாய். அடைத்துவைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு தேடி வந்தால் ஃபீஸ் பார்க்காமல் எடு. கைதிக்குக் கொடுத்த காகிதக் கட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டிப் பார். எழுத்தே தெரியாத ஜெராக்ஸ் இருக்கும், அவருக்குத் தெரியாத மொழியில் காகிதம் இருக்கும். அப்படிப்பட்ட காரணங்களில் எத்தனையோ குண்டாஸ் உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது மீதியைச் சண்டை போடுவோம். அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா