தயாரிப்பு தொடங்குவதில்லை, அழிப்பு நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்சிஜன் குறைவுக்கும் புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதற்கும் உள்ள தொடர்பு பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, கடினமான பொருளை எளிமையாகவே சொல்லியிருந்தது. ஆனால், ‘ஆக்சிஜன் குறைந்ததும் செல் ஹிஃப் என்னும் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது’ என்ற வரி, நடப்பதைத் தலைகீழாக்கிவிட்டது.

ஹிஃபின் ஒரு பாதியான ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தைச் செல்கள், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் ஓயாமல் தயாரித்துக்கொண்டேதான் இருக்கின்றன. சில நிமிடங்களிலேயே அதை அழித்தும் விடுகின்றன. ஆக்சிஜன் தேவைப்படுவது அந்த அழிப்புக்குத்தான். அப்புரதத்திலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலங்களில் குறிப்பிட்ட இரண்டில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகள் ஹைட்ராக்சில் தொகுதியை ஒட்டவைக்கின்றன. அந்த அடையாளத்தை விஹெச்எல் என்ற புரதம் கண்டுகொண்டு பற்றிக்கொள்ள, ‘அழிக்க வேண்டியது’ என்று காட்டும் யூபிக்விட்டின் முத்திரை விழுந்து, செல்லின் புரதம் சிதைக்கும் அமைப்பான புரோட்டியசோமில் ஹிஃப்-1 ஆல்ஃபா சிதைக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறையும்போது அடையாளம் விழுவதில்லை. தப்பிய புரதம் உட்கருவில் சேர்ந்து, எப்போதும் அங்கிருக்கும் மறுபாதியான ஹிஃப்-1 பீட்டாவோடு ஜோடி சேர்ந்து, டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தில் அமர்ந்து, ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் புரதத்துக்கான மரபணு முதலியவற்றை முடுக்கிவிடுகிறது. செல்லிலிருந்து வெளியேறும் விஇஜிஎஃப், அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களைத் தான் வரும் திசை நோக்கி முளைவிடச் செய்கிறது.

செய்வதும் உடனே அழிப்பதும் வீண்செலவு என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. ஆனால், மூச்சுத் திணறும் செல்லுக்கு, புரதத்தை அப்போதுதான் முதலிலிருந்து தயாரிக்க அவகாசம் ஏது?

சின்னப் பிழைதானே என்று இதை விட முடியாததற்குக் காரணம், விஹெச்எல் புரதத்துக்குப் பெயர் தந்த வான் ஹிப்பெல்–லிண்டாவ் என்னும் பரம்பரை நோய். விஹெச்எல் மரபணுவில் பழுதோடு பிறப்பவர்களுக்கு, ஆக்சிஜனில் குறையே இல்லாதபோதும், விழித்திரையிலும் சிறுமூளையிலும் ரத்தக் குழாய்கள் மண்டிய கட்டிகள் தோன்றுகின்றன. சிறுநீரகப் புற்றுநோயும் வரக்கூடும். கட்டுரை சொன்ன விளக்கத்தைக் கொண்டு இந்த நோயைப் புரிந்துகொள்ளவே முடியாது. அழிக்கும் கை செயலிழந்ததால் ஹிஃப் தேங்குகிறது என்றால், எல்லாம் விளங்கிவிடுகிறது. இந்நோய்க்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெல்சூட்டிஃபான் மருந்தும், ஹிஃப்-1 ஆல்ஃபாவின் உறவுப் புரதமான ஹிஃப்-2 ஆல்ஃபா ஜோடி சேர்வதைத்தான் தடுக்கிறது.

2019ஆம் ஆண்டு நோபல் பரிசைக் குறிப்பிட்ட கட்டுரையாளர், ஹிஃபைக் கண்டறிந்த கிரெக் செமென்சாவோடு நின்றுவிட்டார். அழிக்கப்படும் விதத்தை வெளிக்கொணர்ந்த வில்லியம் கேலினும் பீட்டர் ராட்கிளிஃபும் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். கட்டுரையோடு வந்த படத்திலும் விஹெச்எல்லுக்கு இடமில்லை. திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றி வரைந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்