இன்னும் உதிக்காத சூரியன்

அன்புள்ள மருமகளுக்கு,

"தண்ணிக்குள்ள போனா ஒளி மெதுவாகும், சரி. மெதுவா நேரே போகலாம்தானே, ஏன் மாமா முறியணும்?" என்று கேட்டிருந்தாய். முறிவு என்றால் ஒளி திசை மாறுவது. சூத்திரத்தைப் பாடமாக்கிவிட்டுப் பலரும் தாண்டிப்போகிற இடம் இது. நீ நின்று கேட்டது எனக்குப் பெரிய சந்தோசம்.

வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். தண்ணீரில் 2.25 இலட்சம், கண்ணாடியில் 2 இலட்சம். நீ படிக்கிற 1.33, 1.5 என்ற முறிவுச்சுட்டிகள் இந்த வேகங்களின் விகிதம்தான். ஆனால் ஒளிக்கற்றைக்கு அகலமும் உண்டு. உன் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. தார் றோட்டிலிருந்து மணலுக்குள் சரிவாக இறங்கும் லாண்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, பார்த்திருப்பாய். முதலில் மணலைத் தொட்ட சில்லு மெதுவாகிவிடும், மற்றது இன்னும் றோட்டில் பழைய வேகத்திலேயே உருளும். வண்டி தானாகவே திரும்பும். செங்குத்தாக இறங்கினால் இரண்டு சில்லும் ஒன்றாக மெதுவாகும், அப்போது திருப்பம் இல்லை. படுகோணம், அதாவது செங்குத்திலிருந்து ஒளி சரிந்து வரும் கோணம், பூச்சியமானால் முறிவு இல்லை என்பது இதுதான்.

ஒளி எவ்வளவு முறியும் என்று சொல்லும் விதியை 1621இல் சினெல் என்ற நெதர்லாந்து அறிஞர் கண்டதாகப் படிப்பிப்பார்கள். 984 அளவிலேயே பக்தாத்தில் இப்னு சஹ்ல் என்ற அறிஞர் வில்லைகளைப் பற்றி எழுதியதில் இது இருக்கிறது. அவர் பெயரையும் ஞாபகத்தில் வை.

தம்பிக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லு. உன்னிச்சைக் குளத்தில் நேர் மேலிருந்து பார்த்தாலே, சற்றுச் சரிவாக வெளியே வரும் கதிர்கள் முறிவதால், 4 அடித் தண்ணீர் 3 அடியாகத்தான் தெரியும். கரையில் நின்று சரிவாகப் பார்த்தால் இன்னும் ஆழம் குறைந்து தெரியும். "அடி தெரியுது" என்று நம்பி இறங்குகிற பிள்ளைகளை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

சரி, இனி கல்லடிக் கடற்கரைக்கு வருவோம். காற்றின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.0003. இவ்வளவு சிறியது என்ன செய்துவிடும் என்று நினைப்பாய். ஆனால் மேலே ஐதாகவும் தரைக்குக் கிட்ட அடர்த்தியாகவும் இருக்கிற காற்றுக்குள் விடியற்காலை ஒளி மிகச் சரிவாக நுழைந்து, நெடுந்தூரம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துதான் உன் கண்ணுக்கு வருகிறது. அடிவானத்தில் அந்த வளைவு அரைப் பாகைக்குச் சற்று மேல். சூரியனின் முழு அகலமே அரைப் பாகை அளவுதான்! அதனால் கடல்மட்டத்தைவிட்டு முழுவட்டமாக இப்போதுதான் எழும்பிய சூரியனைப் பார்க்கிறாயே, காற்று இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அது முழுதாகக் கடலுக்குக் கீழேதான் இருக்கும். நம் ஊரில் இரண்டு நிமிடத்துக்கும் மேலாக முந்தியே விடிகிறது.

இன்னொன்று. கீழ் விளிம்பிலிருந்து வரும் ஒளி மேல் விளிம்பின் ஒளியைவிடக் கூடுதலாக வளையும். அதனால் வட்டம் கொஞ்சம் நசுங்கித் தெரியும். முகில் இல்லாத ஒரு விடியலில், சூரியனின் கீழ் விளிம்பு கடலைவிட்டுக் கிளம்பியவுடன் ஃபோனில் கிட்டவாக இழுத்து ஒரு படம் எடு. வெளிச்சம் ஏறிய பிறகு நேரே பார்க்கவே கூடாது. அப்புறம் அடிமட்டத்தால் படத்தில் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எனக்கு அனுப்பு. அகலம் 6 என்றால் உயரம் 5 அளவில் வரவேண்டும்.

அன்புடன்,
மாமா