அந்தக் கைபேசி இப்போது அம்மாவிடம் இருக்கிறது

இணையத்தில் பொழுதுபோக்குக் குழுக்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

இருபது வயதுகூட நிரம்பாத ஓர் உறுப்பினர் இறந்துவிட்டதாகக் குழுவுக்குச் செய்தி வருகிறது. சிறிது நேரத்தில் இரங்கல் குவிகிறது. பாதிக்கு மேல் இறந்தவரின் பெயரை டேக் செய்தே வருகிறது. ஒவ்வொரு டேக்குக்கும் அவருடைய கைபேசி அதிர்கிறது. அது அந்நேரம் அம்மாவின் மடியிலோ அப்பாவின் சட்டைப்பையிலோ கிடக்கும். ஆகவே செய்தி உறுதியானதும் முதல் வேலையாக ஓர் அறிவிப்பை எழுதி மேலே பொருத்துங்கள்: பெயரை எழுதலாம், டேக் வேண்டாம், அவருடைய எண்ணுக்கு யாரும் அழைக்க வேண்டாம், குடும்பத்திடம் ஒரே ஒரு நிர்வாகி மட்டும் பேசுவார்.

அந்த அறிவிப்புக்கு முன் செய்தியை உறுதிசெய்யுங்கள். பொய்யான மரணச் செய்தி இணையத்தில் புதிதல்ல. குடும்பத்தில் ஒருவரோ நேரில் பழகிய நண்பரோ சொல்லும்வரை பொறுங்கள். நிதி திரட்டும் பேச்சும் அதுவரை கூடாது. பிறகு திரட்டுவதானாலும் குடும்பம் தரும் வங்கிக் கணக்கு மட்டும்தான். உறுப்பினர் எவருடைய கணக்கும் இடையில் வரக்கூடாது.

நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் 2014-இல் 25 வயதில் தசைச்சிதைவு நோயால் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்தான் என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். இறப்புச் செய்தியைத் தந்தை இணையத்தில் எழுதியதும், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவரோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து நிறைந்தன. சிலர் வெளிநாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். உங்கள் குழுவிலும் இப்படித்தான் இருக்கும். பிள்ளை யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தான், எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான், எதைச் செய்து முடித்தபோது துள்ளினான் என்பதெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. அதைப் பத்திரமாகச் சேர்த்து வீட்டாரிடம் கொடுப்பதுதான் குழு செய்யக்கூடிய பெரிய காரியம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இதற்குக் காலக்கெடு உண்டு. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். கூகுள் கணக்கு 2 ஆண்டு செயலற்றிருந்தால் அழிக்கப்படலாம். அவர் டிரைவில் பகிர்ந்திருந்த வரைபடங்களும் படங்களும் கூடவே போகும். அதனால் முதல் மாதத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். குரல் செய்திகளை முதலில் எடுங்கள். எழுத்தைவிட வீட்டார் தேடுவது குரலைத்தான். ஒவ்வொரு கோப்புக்கும் தேதியைப் பெயராக வையுங்கள். மற்ற சிறுவர்களின் பெயரையும் முகத்தையும் மறைத்துவிடுங்கள். இணைப்பாக அனுப்பினால் ஒருநாள் செத்துப்போகும். பென்டிரைவில் இரண்டு பிரதி கொடுங்கள்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் கூடாது. காதல், நம்பிக்கை, உடல்நிலை என்று வீட்டில் சொல்லாத எதையாவது நண்பர்களிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அது அங்கேயே நிற்கட்டும். விசாரணை அதிகாரிகள் முறைப்படி கேட்டால் மட்டும் விதிவிலக்கு.

ஃபேஸ்புக் விஷயத்தில் நல்லெண்ணத்தோடு ஒரு தவறு நடக்கிறது. கணக்கை, இறந்தவர் நினைவாக நிறுத்திவைக்கும் 'நினைவுக் கணக்காக' மாற்றும்படி ஓர் உறுப்பினர் அவசரமாக விண்ணப்பித்துவிடுகிறார். அப்படி மாறிய கணக்கில் கடவுச்சொல் தெரிந்தாலும் யாரும் நுழைய முடியாது. உள்ளே போய்ப் படங்களை இறக்கிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கதவு மூடிக்கொள்ளும். இறந்தவர் ஒருவரே நிர்வகித்த பக்கம் இருந்தால் அந்தப் பக்கமும் நீக்கப்படும். குடும்பம் வேண்டியதை எடுத்து முடிக்கும்வரை அந்த விண்ணப்பத்தை யாரும் தொட வேண்டாம்.

அடுத்தது அவருடைய அறை. இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் இதில்தான் குழுவின் அறிவு உடனடியாகத் தேவைப்படுகிறது. வீட்டார் சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மீன்தொட்டி இருந்தால், ஓட்டம் நின்ற வடிகட்டியில் ஆக்சிஜன் இல்லாமல் நல்ல பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். அதை அப்படியே மறுபடி ஓடவிட்டால் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். வடிகட்டியைத் திறந்து, அதன் பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசிவிட்டு ஓடவிடச் சொல்லுங்கள். தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு சிட்டிகை போதும். பறக்கும் விமான மாதிரிகள் செய்தவராக இருந்தால் லித்தியம் பாலிமர் பேட்டரிகளைக் கேளுங்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் அவை உப்பும். 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். ஏற்கெனவே உப்பியதைக் குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. தொலைநோக்கியின் ஆடி தூசியாக இருந்தால் இருக்கட்டும், துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும். ஃபிலிம் கேமராவின் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். அவர் எடுத்த கடைசிப் படங்கள் உள்ளே கழுவப்படாமல் இருக்கலாம்.

பொருள்களை விலைக்குக் கேட்டு யாரும் முதல் மாதத்தில் வாய் திறக்கக்கூடாது. வீட்டாரே விற்க விரும்பினால் இருவர் தனித்தனியே மதிப்புப் போட்டுக் கொடுங்கள். மதிப்புப் போட்டவர் வாங்கக்கூடாது. இறந்தவர் அனுப்ப வேண்டியிருந்த பொருளுக்குப் பணம் கட்டியவர்கள் பட்டியலை நிர்வாகி வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு அம்மாவிடம் போக வேண்டாம்.

இறப்பின் காரணத்தைக் குடும்பம் சொன்னால் சொன்ன அளவு மட்டும் எழுதுங்கள். அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எப்படி, எங்கே என்பதையும் கடைசிக் கடிதத்தையும் பகிரும் பதிவுகளைப் பார்த்தவுடன் நீக்குங்கள். "இனி அவனுக்கு நிம்மதி", "விடுதலை கிடைத்தது" என்று எழுதுபவர்களிடம் தனியே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அதே வயதில் அதே துயரத்தோடு படிப்பவருக்கு அது வழிகாட்டுவது போலாகிவிடும். அவரோடு நெருக்கமாக இருந்த நான்கைந்து பேருக்குத் தனித்தனியே செய்தி அனுப்புங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. அவரவர் நாட்டின் உதவி எண்ணையும் கொடுங்கள். சிறுவரானால் வீட்டில் ஒரு பெரியவருக்குத் தெரியப்படுத்துங்கள். முதல் வாரம் இரவிலும் ஒரு நிர்வாகி விழித்திருக்க வேண்டும்.

அவர் பாதியில் விட்ட வேலையை முடிப்பதா அப்படியே வைப்பதா என்று வீட்டாரைக் கேட்டுச் செய்யுங்கள். உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கட்டும். பிறந்தநாள் வாழ்த்தைத் தானாக அனுப்பும் பாட் (தானியங்கி நிரல்) உங்கள் குழுவில் இருந்தால் அதிலிருந்து மட்டும் அவர் பெயரை இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இத்தகைய குழுக்களை நடத்திவரும் சிலர்