வரித்தலை வாத்து இங்கே முட்டையிட வருவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளைப் பற்றி ஒரு படமும் அதன் கீழே நாலு வரியும் வந்திருந்தன. படம் அருமை. குளத்து உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் தண்ணீர் பரவும் பகுதியில், ஈரப் புல்லில், சாம்பல் நிற வாத்துகள் ஒரு இருபது மேய்கின்றன. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இருக்கும் இரண்டு கறுப்பு வரிகள்கூடத் தெளிவாக விழுந்திருக்கின்றன. கீழே இருந்த வரிகளைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். 'சைபீரியாவிலிருந்து இனப்பெருக்கத்துக்காக வந்துள்ள அரிய பறவைகள்' என்று போட்டிருந்தீர்கள்.

சைபீரியாவை விடுங்கள், அது நம் பத்திரிகைகளின் பழைய பழக்கம். வெளியூர்ப் பறவை என்றாலே ஒன்று சைபீரியா, இல்லாவிட்டால் ஆஸ்திரேலியா. படத்தில் இருப்பது வரித்தலை வாத்து. அதன் சொந்த ஊர் மங்கோலியா, திபெத், சீனாவின் சிங்ஹாய் ஏரிப் பகுதி. நம் நாட்டுக்குள்ளேயே லடாக்கின் சோ மோரிரி, சோ கார் ஏரிகளில் கோடையில் குஞ்சு பொரிக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிவிட்ட வாத்துகளை மைசூர்ப் பக்கத்து ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள். அந்த வழியில் இன்னும் தெற்கே வந்தால் நாங்குநேரி வட்டாரத்துக் குளங்கள். இந்தியாவில் இது குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்களில் இவை ஏறக்குறைய தென்கோடி.

எனக்கு உறுத்துவது 'இனப்பெருக்கத்துக்காக' என்ற சொல்தான். கூந்தன்குளத்தில் கூடு கட்டுகிறவை மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கொக்கு வகைகளும். குளத்துக் கருவேல மரங்களிலும் ஊருக்குள் வீட்டுப் புழக்கடை மரங்களிலும் அவை கூடு வைக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாததும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்ப்பதும் நாடறிந்த சேதி. அந்தப் பெருமை முழுக்க அவர்களுக்கே. ஆனால் வரித்தலை வாத்து அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. கார்த்திகை, மார்கழியில் வரும். புல் மேயும், ஓய்வெடுக்கும், கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடும். இங்கே ஒரு முட்டைகூட இடாது.

இது வெறும் சொல் பிழை என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பறவை என்றால் கூடு, கூடு என்றால் மரம் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அதனால்தான் எந்தக் குளத்தில் பறவை வந்தாலும் அங்கே மரக்கன்று நடுவிழா நடத்துகிறோம். நாரைக்கு மரம் வேண்டும், சரி. இந்த வாத்துக்கு வேண்டியது நேர்மாறானது. நாலு பக்கமும் பார்வை போகிற வெட்டவெளி, கணுக்கால் அளவு தண்ணீர், தண்ணீர் வற்ற வற்றப் பின்னாலேயே முளைக்கும் கோரையும் அறுகும். பகலில் பெரும்பாலும் குளத்து நடுவில் திட்டுகளில் நின்று தூங்கும். மேய்ச்சலெல்லாம் அந்தி சாய்ந்து, இருட்டில், விடியற்காலையில். உள்வாயில் சீமை உடை (சீமைக் கருவேலம்) மண்டினால் அந்த இடத்தில் இறங்கவே இறங்காது. புதருக்குள் நரி இருக்கிறதா நாய் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் ஒரு குளம். பெயரைச் சொல்லப் போவதில்லை, காரணம் பின்னால். பத்துப் பன்னிரண்டு வருஷமாக மார்கழி மாதம் விடியலில் அங்கே போய்க் கரையில் உட்காருகிறேன். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து, வடகிழக்குப் பருவமழையும் கை கொடுத்த வருஷங்களில் வாத்து வரும். மழை பொய்த்தால் வராது. தண்ணீர் மறுகால் பாயும் அளவுக்கு நிறைந்து கிடந்தாலும் வராது, கால் ஊன்ற இடம் இருக்காதல்லவா, அப்போது வேறு குளத்துக்குப் போய்விடும். முதல் தடவை பார்த்தபோது பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "அது மலைத் தாராய்யா, எங்க அப்பா காலத்துலயே வரும்" என்றார். தாரா என்றால் வாத்து. அவருக்கு இமயமலையைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மலை என்றதும் இன்னொன்று. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் வாத்து என்று இதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். ஜி.பி.எஸ். கருவி கட்டி ஆராய்ந்ததில் பதிவான மிக அதிக உயரம் சுமார் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அதைவிடக் கீழேதான், மலைச் சரிவை ஒட்டி ஏறி இறங்கிப் போகிறது. குளிர்ந்த, அடர்த்தியான காற்றுக் கிடைக்கும் இரவையும் அதிகாலையையும் விரும்புகிறது. கழுகைப் போல மிதக்காமல் வழி நெடுகச் சிறகடிக்கிறது. மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் ஹீமோகுளோபின் அதன் ரத்தத்தில் இருக்கிறது. இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள ஒரு பறவைக்கு இது போதாதா, எவரெஸ்ட் வேறு எதற்கு?

புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலைக் கூப்பிட்டு, குமரித்துறையில் அயிரை தின்றுவிட்டு வடமலைக்குப் போகிறாயானால் வழியில் உறையூரில் இறங்கிக் கோப்பெருஞ்சோழனைப் பார் என்கிறார். அந்த அன்னம் இந்த வாத்துதான் என்று சொல்வோர் உண்டு. வழி பொருந்துகிறது, ஊரும் பொருந்துகிறது, அயிரை மீன்தான் இடிக்கிறது. இது புல் மேய்கிற பறவை. ஆசையாக இருந்தாலும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயம் ஆனது, பின்னர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நல்லது. ஆனால் அது 129 ஹெக்டேர்தான். வாத்து ஒரு குளத்தை நம்பி வருவதில்லை. இன்றைக்கு இங்கே, நாளை மறுநாள் விஜயநாராயணம் பக்கம், அடுத்த வாரம் பெயரே வெளியில் தெரியாத ஏதோ ஒரு மானாவாரிக் குளம் என்று அலைகிறது. 2011 முதல் ஜனவரி தோறும் தன்னார்வலர்கள் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பல குளங்களைச் சுற்றி வருவது இதனால்தான். சரணாலயத்தில் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று ஒரு வருஷக் கணக்கை வைத்துச் செய்தி போடும் முன் பக்கத்துக் குளங்களையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

குளத்தின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் யாரோ செல்போன் படத்தோடு இடத்தையும் பரப்பிவிட, அந்த ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்க பைக். பிள்ளைகளோடு வந்தவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சியே. நாலைந்து பேர் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்வாய்க்குள் இறங்கினார்கள். அறுபது எழுபது வாத்துகளும் ஒரே சத்தமாக எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, மேற்கே போய்விட்டன. அந்த மார்கழியில் திரும்பவில்லை.

அடுத்த முறை அதே நாலு வரிக்குள் 'வரித்தலை வாத்துகள், மங்கோலிய, திபெத்திய ஏரிகளிலிருந்து புல் மேய வந்தவை' என்று போட்டால் போதும்.

படம் எடுத்தவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். வெகு தூரத்தில் நின்று எடுத்திருக்கிறார் என்று தெரிகிறது. இருபது வாத்தில் ஒன்றுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்,
நாங்குநேரி வட்டம்